அடியாமலே படியும்: வீட்டுப் பிராணிகளை வெகுமதியால் பழக்குதல்

“அடியாத மாடு படியாது” என்பது நம் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. உழவு மாட்டை மட்டுமன்றி, காவல் நாயையும் பள்ளிச் சிறுவனையும்கூட நாம் இப்பழமொழியைக் கொண்டே அளந்து வந்திருக்கிறோம். பள்ளியில் பிரம்பின் ஆட்சியை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விலக்கிவிட்டது. ஆனால், வீட்டு முற்றத்தில் கட்டப்பட்டிருக்கும் நாயைப் பொறுத்தவரை அப்பழமொழியின் செல்வாக்கு இன்னும் குறைந்தபாடில்லை. அடித்தால்தான் பிராணி கற்கும் என்னும் கொள்கை உண்மைதானா? ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ச்சியாளர் இக்கேள்வியை ஆய்ந்துள்ளனர். அவர்கள் கண்ட விடையையும், அது நம் அன்றாட வாழ்வில் பயன்படும் வகையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கும்.

இது வெறும் பொழுதுபோக்குப் பற்றிய விஷயமன்று. வெறிநாய்த் தடுப்பூசி முகாம்களில் பணிபுரிந்தோர் அனைவரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. தன் எசமானர் அழைத்தால் வாலாட்டி ஓடிவரும் நாய், முகாமில் அயலார் ஒருவர் தோளைத் தொட்டவுடன் மிரண்டு பின்வாங்குகிறது. கயிற்றை இழுத்தால் உறுமுகிறது. மேலும் இழுத்தால் கடிக்கிறது. இறுதியில் ஊசி போடாமலே நாய் வீடு திரும்புகிறது. அதன்பின் ஓராண்டுக் காலம் அவ்வீட்டுக் குழந்தைகளும் அண்டை வீட்டுக் குழந்தைகளும் காப்பின்றி இருக்கின்றனர். உலகில் வெறிநாய்க்கடி நோயால் நேரும் மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இந்தியாவில் நேர்வதாக உலகச் சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. நாய்கள் வாயிலாகப் பரவும் இந்நோயை 2030-ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பதற்கென 2021-ல் மத்திய சர்க்கார் தேசிய செயல் திட்டம் ஒன்றை வெளியிட்டது. நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல் தடுப்பூசி பெற்றாலன்றி இந்நோக்கம் நிறைவேறாது. ஆகவே, மனிதர் கை தன்மேல் படுவதை அச்சமின்றி ஏற்கும் நாயை உருவாக்குவது பொதுச் சுகாதாரப் பணியின் ஒரு பகுதியே ஆகும்.

ஆராய்ச்சியின் வரலாறு

அமெரிக்க மனோதத்துவ அறிஞர் எட்வர்ட் தார்ண்டைக் என்பவர், கொலம்பியா பல்கலைக் கழகத்தில் மாணவராக இருந்தபோது, மரச் சட்டங்களால் ஆன கூண்டுகளில் பசித்த பூனைகளை அடைத்து ஆராய்ந்தார். கூண்டுக்கு வெளியே உணவு இருந்தது. ஒரு கயிற்று வளையத்தை இழுத்தாலோ, ஒரு நெம்புகோலை மிதித்தாலோ கதவு திறக்கும். முதன்முறை பூனை பிறாண்டிற்று, கடித்தது, முட்டி மோதிற்று. தற்செயலாகவே வளையம் இழுபட்டது. ஆனால், அதே கூண்டில் திரும்பத் திரும்ப அடைத்தபோது, வீண் முயற்சிகள் படிப்படியே குறைந்து, இறுதியில் பூனை உள்ளே விட்டவுடன் நேரே வளையத்தை இழுத்தது. 1898-ல் வெளியான இவ்வாராய்ச்சியின் பயனாக அவர் ஒரு விதியை வகுத்தார். இன்பமான விளைவைத் தரும் செயல் அதே சூழ்நிலையில் மீண்டும் நிகழக்கூடியதாகிறது என்பதே அதன் சாரம்.

ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லவ், சீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபெல் பரிசு பெற்றவர். உணவுக்கு முன்னே ஓர் ஒலி தவறாமல் கேட்குமாயின், அவ்வொலியைக் கேட்டமாத்திரத்திலேயே நாயின் வாயில் உமிழ்நீர் சுரக்கும் என்பதை அவர் நிலைநாட்டினார். பொருளற்ற ஓர் ஒலிக்குப் பொருள் ஏற்படுகிறது என்பது இதனால் விளங்கிற்று.

இவ்விரு உண்மைகளையும் பழக்கும் கலைக்கு அடிப்படையாக அமைத்தவர் பி. எப். ஸ்கின்னர். ஒரு செயலைத் தொடர்ந்து பிராணிக்கு வேண்டிய பொருள் ஒன்று கிடைத்து, அதனால் அச்செயல் பெருகுமானால், அதை ‘நேர் வலுவூட்டல்’ என்பர். எலிகளையும் புறாக்களையும் கொண்டு அவர் செய்த பரிசோதனைகளின் தொடக்க முடிவுகள் 1938-ல் நூல்வடிவம் பெற்றன. 1951-ல் பொதுமக்களுக்கென எழுதிய கட்டுரையொன்றில், வீட்டில் எவரும் நாயைப் பழக்கக்கூடிய முறையை அவர் விளக்கினார். பிராணி சரியாகச் செய்த அந்தக் கணத்தில் ஒரு சிற்றொலி எழுப்பி, உடனே உணவளிக்க வேண்டும் என்பதே அம்முறை. பிற்காலத்தில் நாய் பழக்குவோர் ‘கிளிக்கர்’ என்னும் சிறு கருவியைக் கையாண்டது இதனையொட்டியே.

ஸ்கின்னரின் மாணவர்களாகிய கெல்லர் பிரீலண்டும் அவர் மனைவி மரியனும் பற்பல இனப் பிராணிகளை இம்முறையால் பழக்கினர். அவர்கள் தங்கள் வெற்றிகளை மட்டுமன்றித் தோல்விகளையும் 1961-ல் வெளியிட்டமை பாராட்டத்தக்கது. ராக்கூன் என்னும் அமெரிக்கப் பிராணிக்கு நாணயத்தை உண்டியலில் இடக் கற்பித்தனர். ஒரு நாணயத்தைக் கொண்டு ஒருவாறு கற்ற அது, இரண்டு நாணயம் கொடுத்தவுடன் அவற்றை ஒன்றோடொன்று தேய்த்தவண்ணம் இருந்தது, உண்டியலில் இடவில்லை. உணவு கிடையாமற்போயினும் அத்தேய்த்தல் வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை. தன் இரையைக் கைகளால் தேய்ப்பது அதன் பிறவி இயல்பு. பன்றிகளோ மர நாணயங்களை மூக்கால் கிளறி மண்ணில் உருட்டத் தொடங்கின. வெகுமதியின் ஆற்றல் பெரிதாயினும், பிராணியின் இயற்கைக் குணத்தை அறவே மாற்றவல்லதன்று என்பதே இதனால் நாம் பெறும் பாடம். வேட்டை நாயை மோப்பம் பிடியாதே என்பதும், பூனையைப் பிறாண்டாதே என்பதும் வீண். எங்கே, எதைப் பிறாண்டலாம் என்று கற்பிப்பதே முறை.

தண்டனையின் குறைபாடுகள்

அடியால் பயனே இல்லை என்று ஆராய்ச்சியாளர் கூறவில்லை. அடிக்கு அஞ்சிப் பிராணி ஒரு செயலை நிறுத்துவது உண்டு. ஆயினும் அதன் குறைகள் பலவாகும்.

முதலாவது, காலம் பற்றியது. காலையில் செருப்பைக் கடித்த நாயை எசமானர் மாலையில் வந்து அடிக்கிறார். நாய் அவ்வடியைச் செருப்போடு பொருத்திப் பார்ப்பதில்லை; எசமானரின் வருகையோடு பொருத்துகிறது. அது காதைத் தாழ்த்தி ஒதுங்குவதைக் கண்டு, ‘செய்த குற்றம் அதற்குத் தெரிகிறது’ என்பர். உண்மையில் அது தெரிந்துகொண்டது அவர் முகத்தின் சினத்தையே.

இரண்டாவது, அடி எதைச் செய்யக்கூடாது என்று கூறுமேயன்றி, எதைச் செய்யவேண்டும் என்று கூறாது.

மூன்றாவதே மிகவும் ஆபத்தானது. உறுமல் என்பது ‘எனக்கு அச்சமாயிருக்கிறது, விலகு’ என்னும் எச்சரிக்கை. உறுமும்போதெல்லாம் அடிபட்ட நாய் உறுமுவதை விட்டுவிடலாம். ஆனால் அச்சம் அப்படியே இருக்கும். அத்தகைய நாய் ஒருநாள் எச்சரிக்கையின்றிக் கடிக்கும். ‘இதுவரை ஒன்றும் செய்ததில்லை, திடீரென்று கடித்துவிட்டது’ என்று கூறப்படும் நாய்களுட் சில இவ்வாறு உருவானவையே.

போர்த்துக்கல் நாட்டின் போர்ட்டோ நகர ஆராய்ச்சியாளர், வெவ்வேறு பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 வீட்டு நாய்களை ஆராய்ந்து, 2020-ல் முடிவுகளை வெளியிட்டனர். அதட்டல், இழுத்தல் முதலிய கடுமுறைகளை மிகுதியும் கையாண்ட பள்ளிகளின் நாய்கள், பயிற்சியின்போது உடல் குறுகல், கொட்டாவி விடல், உதட்டை நக்கல் முதலிய கலக்கக் குறிகளை அதிகமாகக் காட்டின. பயிற்சிக்குப் பின் அவற்றின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்னும் சுரப்புப் பொருளும் வெகுமதிப் பள்ளிகளின் நாய்களைவிட மிகுந்திருந்தது. உணவு இருக்குமோ இராதோ என்று ஐயப்படத்தக்க இடத்தில் கிண்ணம் வைத்தபோது, அவை தயங்கித் தயங்கியே அணுகின. பயிற்சிக் களத்தின் அச்சம் அங்கேயே முடிந்துவிடுவதில்லை என்பது இதனால் புலனாகிறது.

ஊசிக்குப் பழக்குதல்: ஒரு நடைமுறை எடுத்துக்காட்டு

தடுப்பூசிக்கு நாயை ஆயத்தப்படுத்தும் முறையைப் படிப்படியாகக் காண்போம். இது தன் சொந்த நாயை எசமானரே பழக்குவதற்குரியது. அறிமுகமற்ற நாயிடமோ, ஏற்கெனவே கடித்த நாயிடமோ இதைப் பரிசோதிக்கலாகாது. அதற்குக் கால்நடை வைத்தியரின் ஆலோசனை வேண்டும்.

முதற்படி: அடையாள ஒலி ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ‘சரி’ என்னும் சொல்லோ, நாவைத் தட்டி எழுப்பும் ஒலியோ போதும். விலை கொடுத்துக் கருவி வாங்க வேண்டுவதில்லை. ஒலியை எழுப்பி, உடனே சுண்டுவிரல் நகமளவு உணவைக் கொடுக்க வேண்டும். அவித்த முட்டை, எலும்பில்லாத வெந்த இறைச்சி, இட்லித் துண்டு ஆகியவற்றுள் நாய் விரும்புவது எதுவோ அதுவே சிறந்தது. இரண்டு நாளில் பலமுறை இவ்வாறு செய்தால், ஒலி கேட்டவுடன் நாய் ஆவலோடு திரும்பிப் பார்க்கும். ஒலிக்குப் பொருள் ஏற்பட்டுவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

இரண்டாம் படி: தோளை ஒரு விநாடி தொட்டு, ‘சரி’ என்று கூறி, உணவளிக்க வேண்டும். தொடுதல் முதலிலும் உணவு பின்னும் வரவேண்டும் என்பது முக்கியம். உணவை முன்னே காட்டி ஏமாற்றித் தொட்டால், உணவைக் கண்டே நாய் அஞ்சத் தொடங்கும்.

மூன்றாம் படி: தோளின் தளர்ந்த தோலை மெல்லப் பற்றுதல். முதலில் ஒரு விநாடி, பிறகு இரண்டு, பிறகு ஐந்து. பத்து முறையில் எட்டு முறையேனும் நாய் அமைதியாக நின்றாலன்றி அடுத்த படிக்குச் செல்லலாகாது. நாய் விலகிச் சென்றால் துரத்தவோ பிடித்து நிறுத்தவோ வேண்டாம். நாம் எடுத்த படி பெரிதாகிவிட்டது என்பதே அதன் பொருள். ஒரு படி கீழிறங்கித் தொடர வேண்டும்.

நான்காம் படி: தோலைப் பற்றியபடியே, மூடியிட்ட பேனாவின் முனையால் மெல்லத் தொடுதல். பிறகு ஊசியில்லாத மருந்துக் குழலால் தொடுதல்.

ஐந்தாம் படி: ஆளையும் இடத்தையும் மாற்றுதல். வீட்டார் பிறர் தொடவேண்டும். பின்னர் நாய்க்குப் பழக்கமான அண்டை வீட்டார் தொடவேண்டும். முற்றத்தில் கற்றதைத் தெருவில் நாய் தானாகவே நினைவுகூரும் என்று எண்ணலாகாது. இடம் மாறினால் மீண்டும் இரண்டாம் படியிலிருந்து தொடங்குவதே முறை; இம்முறை விரைவில் முன்னேறும்.

ஒவ்வொரு பயிற்சியும் மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு மேற்படலாகாது. நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று முறை போதும். வெற்றியோடு முடிப்பது நலம். முகாம் நாளன்று ஊசிக்கு முன்னும், போடும்போதும், பின்னும் உணவளித்துவர வேண்டும். முகாமுக்கு இரண்டு மூன்று வாரங்கள் முன்னதாகக் களப் பணியாளர் வீடுகளுக்குச் செல்லும்போதே இம்முறையைச் செய்து காட்டுவாராயின், அந்நாளில் சுருக்குக் கயிற்றின் தேவை பெரிதும் குறையும். வாய்க்கூட்டையும் இவ்வாறே பழக்கலாம்; அதனுள் உணவை வைத்து, நாய் தானே முகத்தை நுழைக்கும்படி சில நாள் விட்டு, பின்னரே வாரைப் பூட்ட வேண்டும்.

உணவு மட்டுமா வெகுமதி?

எக்காலமும் உணவைக் கையில் வைத்திருக்க முடியுமா என்று சிலர் வினவுவர். வேண்டுவதில்லை. பழக்கம் நன்கு ஊன்றியபின், ஒவ்வொரு முறைக்கும் அளிப்பதை விட்டு, சில முறைக்கு மட்டும் அளித்தால் பழக்கம் மேலும் உறுதிப்படும். அன்றியும், நாய் விரும்பும் எதுவும் வெகுமதியே. கதவு திறந்து வெளியே செல்லுதல், பந்து எறிதல், அன்பாகத் தடவுதல் யாவும் இதில் அடங்கும்.

இதன் தொடர்பாக நம் நாட்டில் நடந்த ஆராய்ச்சியொன்று குறிப்பிடத்தக்கது. கொல்கத்தாவிலுள்ள இந்திய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிலையத்தினர், வங்காளத்துத் தெருநாய்களிடையே நடத்திய பரிசோதனைகளின் முடிவை 2017-ல் வெளியிட்டனர். அறிமுகமற்ற மனிதர் சில நாய்களுக்கு மிகுதியாக உணவளித்தார். வேறு சிலவற்றைத் தலையில் தடவினார். நாட்கள் செல்லச் செல்ல, தடவப்பெற்ற நாய்களே அம்மனிதரை விரைந்து அணுகின. கல்லடியும் துரத்தலும் கண்டு வாழும் தெருநாய்க்கு ஒரு பிடி சோற்றைவிட மனிதரின் அன்பான தொடுகை அரிதாயிருப்பது வியப்பன்று. ஆனால், இது தெருநாய்களைக் குழந்தைகள் தொடுவதற்கு அனுமதி அன்று என்பதை ஆசிரியர்கள் வற்புறுத்திக் கூறவேண்டும்.

நாம் அறியாமலே அளிக்கும் வெகுமதிகளும் உண்டு. உண்ணும்போது குரைத்த நாயை அடக்க ஒரு துண்டு எறிகிறோம். அன்றுமுதல் அது நாள்தோறும் குரைக்கிறது. நாமே ஆசிரியர், நாமே குறைகூறுபவர். இதைத் திருத்த, குரைக்கும்போது எதுவும் அளியாது, அமைதியாக அமர்ந்திருக்கும்போது மட்டும் அளிக்கவேண்டும். அணையும் விளக்கு ஒருமுறை சுடர்விடுவதுபோல், மறைவதற்கு முன் குரைப்பு சிறிது மிகும். அவ்வேளையில் மனம் தளர்ந்து ஒரு துண்டு எறிந்துவிட்டால், முன்னிலும் உரத்துக் குரைக்கவே கற்பித்தவராவோம். வீட்டார் அனைவரும் ஒரே சொல்லையும் ஒரே விதியையும் கையாளுவது இதனால் இன்றியமையாதது.

வயிறு மட்டும் போதாது

வேளைக்கு உணவும் நீரும் வைத்தால் பிராணிக்கு வேறு குறையில்லை என எண்ணுவது தவறு. நாளெல்லாம் சங்கிலியில் கட்டப்பட்ட நாய் ஓயாது குரைப்பதும், வட்டமிடுவதும், தன் காலையே நக்கிப் புண்ணாக்கிக் கொள்வதும் பெரும்பாலும் வேலையின்மையின் விளைவுகளாகும். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், நியாயமற்ற அளவு குறுகிய அல்லது கனத்த சங்கிலியில் பிராணியை நெடுநேரம் கட்டிவைப்பதையும், வழக்கமாகக் கட்டப்பட்டோ அடைக்கப்பட்டோ இருக்கும் நாய்க்கு உடற்பயிற்சி அளியாதிருப்பதையும் குற்றமாகக் கருதுகிறது.

பிராணிகள் உழைத்து உண்பதில் ஈடுபாடு கொள்வன. கிளென் ஜென்சன் என்பவர் 1963-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கிண்ணத்தில் உணவு தயாராக இருந்தும் எலிகள் நெம்புகோலை அழுத்தி உணவு பெறுவதை விடவில்லை. பிற்காலத்தில் வேறு பல இனங்களிலும் இவ்வியல்பு காணப்பட்டது. வீட்டுப் பூனை மட்டும் விலக்குப் போலும். 2021-ல் வெளியான ஆராய்ச்சியொன்றில் பெரும்பாலான பூனைகள் உழைப்பின்றிக் கிடைத்த உணவையே நாடின. ஆகவே, எந்தப் பிராணிக்கு எது ஏற்றது என்பதைக் கவனித்தே அறியவேண்டும்.

செலவின்றிச் செய்யக்கூடிய ஏற்பாடுகள் பல. நாயின் உலர்ந்த உணவில் ஒரு பகுதியைப் பழைய சாக்கில் சுருட்டி வைத்து, மோந்து எடுக்கச் செய்யலாம். முற்றத்தில் சில இடங்களில் ஒளித்துவைத்துத் தேடச் செய்யலாம். உலாவச் செல்லும்போது, விரைந்து இழுத்துச் செல்லாமல், மோந்து பார்க்க நேரம் விடவேண்டும். கண்ணால் நாம் செய்தித்தாள் படிப்பதைப் போல, நாய் மூக்கால் தெருவைப் படிக்கிறது. பூனைக்கு உயரமான ஓர் இருக்கையும், பிறாண்டுவதற்குக் கயிறு சுற்றிய கட்டையும், நூலில் கட்டி இழுக்கும் சிறு பொருளும் வேண்டும். விளையாட்டு முடிந்ததும் அந்நூலை எடுத்துவைத்துவிட வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட், சமைத்த எலும்பு ஆகியவற்றை நாய்க்குக் கொடுக்கலாகாது. பச்சைக்கிளி முதலிய நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வளர்ப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. அவற்றுக்குத் தரக்கூடிய சிறந்த சூழ்நிலை திறந்த வானமே.

வகுப்பறையில் ஒரு பரிசோதனை

இவ்விதியைப் பிராணியின்றியே மாணவர்க்கு விளக்கலாம். விருப்பமுள்ள மாணவர் ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு, மற்றவர்கள் எளிய செயலொன்றை முடிவு செய்யட்டும்; உதாரணமாக, சாளரத்தின் கம்பியைத் தொடுதல். மாணவர் உள்ளே வந்து நடமாடுவார். சாளரத்தை நோக்கித் திரும்பும்போதும், நெருங்கும்போதும், கை உயர்த்தும்போதும் ஆசிரியர் ஒருமுறை கைதட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் மாணவர் மேசையிலிருந்து ஒரு புளியங்கொட்டை எடுத்துக்கொள்வார். எவரும் பேசலாகாது. அடுத்து, வேறொரு மாணவரைக்கொண்டு, தவறும்போது மட்டும் ‘இல்லை’ என்று கூறி நடத்துக. இரு முறைக்கும் ஆன நேரத்தைக் கரும்பலகையில் குறித்து, இருவரும் தத்தம் மனநிலையைக் கூறச் செய்க. இரண்டாமவர் பெரும்பாலும் சிறிது நேரத்தில் அசையாமல் நின்றுவிடுவதைக் காணலாம். அவ்வாறு நின்றால் விளையாட்டை உடனே நிறுத்திவிட வேண்டும். தண்டனைக்கு அஞ்சும் பிராணியும் அவ்வாறே செயலற்று நிற்கிறது. அதனை நாம் பணிவு என்று தவறாக எண்ணுகிறோம்.

எச்சரிக்கைகள்

நோய்க்குப் பயிற்சி மருந்தாகாது. இதுவரை சாதுவாக இருந்த பிராணி திடீரெனச் சீறினால், காதிலோ பல்லிலோ மூட்டிலோ வலி இருக்கக்கூடும், வைத்தியரிடம் காட்டவேண்டும். காரணமின்றிக் கண்டவரைக் கடித்தல், குரல் மாறுதல், வாயில் நுரை தள்ளல், விழுங்க இயலாமை ஆகியவை தோன்றினால் அருகில் செல்லாது உடனே கால்நடைத் துறையினருக்கு அறிவிக்க வேண்டும். எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நம் வீட்டு நாய்தானே என்று வாளாவிருத்தல் உயிருக்கே கேடாய் முடியும்.

முடிவுரை

வெகுமதி முறையின் ஆற்றலுக்கு ஒரு சான்று கூறி முடிப்போம். கிழக்கு ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டில், பெரும்பை எலி என்னும் இனத்தை, ஒலியும் வாழைப்பழமும் கொண்டு, மண்ணில் புதைந்த வெடிமருந்தை மோந்து காட்டப் பழக்குகின்றனர். கண்ணிவெடி அவற்றின் எடைக்கு வெடிப்பதில்லை. அவற்றுள் ‘மகாவா’ என்று பெயரிடப்பட்ட எலி, கம்போடியா நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளையும் வெடியாத குண்டுகளையும் கண்டுபிடித்து, 2020-ல் தங்கப்பதக்கம் பெற்று, 2022 ஜனவரியில் மாண்டது. அந்த எலியை எவரும் அடித்துக் கற்பிக்கவில்லை.

எலி கற்குமாயின், பல்லாயிரம் ஆண்டுகளாக நம்மோடு வாழ்ந்துவரும் நாய் கல்லாதா? வேண்டுவன ஒரு சொல், ஒரு துண்டு உணவு, நாளைக்குப் பத்து நிமிடம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை. அடியாத மாடு படியாது என்று கூறிய நம் முன்னோர், வேறு வழியையும் ஆராய்ந்து பார்க்க வாய்ப்புப் பெறவில்லை. நாம் பெற்றிருக்கிறோம். அடுத்த தடுப்பூசி முகாமுக்கு முன், களப் பணியாளர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு வீட்டு நாயையேனும் இம்முறையில் பழக்கிக் காட்டுவாராயின், அதைக் கண்டு பிற வீட்டார் பின்பற்றுவர் என்பதில் ஐயமில்லை.